படத்தைக் கொண்டுவா என்பவர்களே, செக்ரோலைக் கொண்டுவாருங்கள்



சென்ற மாதம் ஒரு தோட்டத்து ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் நாம் நின்றோம். நம்மோடு நின்றவர் 43 வயதுத் தாய். அவர் பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம். எழுதினால் மறுநாளே அவரை உச்சி மலைக்கு அனுப்பிவிடுவார்கள். 22 வருடம் கொழுந்து பறித்தவர். இரண்டு வருடமாக இடுப்பு வலி. காலையில் லயத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்கிறார். கொஞ்ச நாளைக்குக் கூடை இல்லாத வேலை கொடுங்கள், நர்சரியிலோ கொழுந்து மடுவத்திலோ எங்கேயாவது போடுங்கள் என்று கேட்டார்.

முதல் தடவை கேட்டபோது, "மலையில யாருக்குத்தான் இடுப்பு வலி இல்ல?" என்றார்கள். இரண்டாம் தடவை, "டொக்டர் துண்டு கொண்டாங்க" என்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க வரிசையில் இருந்து துண்டு வாங்கிக் கொடுத்தார். அந்த ஒரு நாள் பேரும் போனது. மூன்றாம் தடவை, "துண்டு யாரும் வாங்கலாம். எம்.ஆர்.ஐ. படத்தக் கொண்டாங்க, பார்ப்போம்" என்றார்கள்.

மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த காப்பை அடகு வைத்து, விடியற்காலை பஸ் ஏறிப் போய், தனியார் இடமொன்றில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். செலவு அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கியது. ஆபீசில் ஒருவர் அந்த ஆங்கில அறிக்கையை விரித்து வாசித்துவிட்டுச் சொன்னார்: "இது தேய்மானம், வயசுக்கு வர்றது. வேலையால வந்ததுன்னு இதுல எங்கம்மா எழுதியிருக்கு?"

படம் இல்லாதவரை அது நோயே இல்லை. படம் வந்ததும் அது வயது. அடுத்த நாள் காலை அவர் பிரட்டுக்களத்தில் கூடையோடு நின்றார்.

இதைக் கேட்டதும் பல கமிட்டிகளிலிருந்து நமக்கு ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. இடுப்பு வலி உள்ள எல்லாத் தொழிலாளருக்கும் கம்பனிச் செலவில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அதைக் கோரிக்கையில் சேருங்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோரிக்கையை அப்படியே நாம் சேர்க்கப் போவதில்லை. ஏன் என்று சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் இந்த மெஷின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சாதாரண எக்ஸ்ரே எலும்பைத்தான் நன்றாகக் காட்டும். நம்முடைய முதுகெலும்பு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகள் மாதிரி. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பதுதான் டிஸ்க். பின்னால் உள்ள குழாய்க்குள்ளிருந்து நரம்புகள் இரண்டு பக்கமும் பிரிந்து காலுக்கு இறங்குகின்றன. இந்த டிஸ்க், நரம்பு, தசைநார் எல்லாவற்றையும் பார்க்க எம்.ஆர்.ஐ.தான் நல்லது. பெரிய காந்தமும் வானொலி அலையும் சேர்ந்து படம் எடுக்கின்றன. எக்ஸ்ரே கதிர் அதில் இல்லை. குழாய் போன்ற மெஷினுக்குள் அரை மணி நேரம் அளவில் அசையாமல் படுத்திருக்க வேண்டும், சத்தம் தகரத்தில் சுத்தியல் அடிப்பது போலக் கேட்கும். காந்தம் என்பதால் மூக்குத்தி, தோடு, தாலிக்கொடி எல்லாம் கழற்றச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்களும், உடம்புக்குள் கம்பி, ஆணி, உலோகத் துண்டு உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும்.

நல்ல மெஷின்தான். ஆனால் அது காட்டுவது டிஸ்க்கின் உருவத்தை. வலியை அது காட்டாது. இந்த வித்தியாசத்தில்தான் நம்மை ஏமாற்றுகிறார்கள்.

அமெரிக்காவில் 1994-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறோம். இடுப்பு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 வீதமானோருக்கு ஓர் இடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 வீதம்தான். வலியே இல்லாதவர்களின் கதை இது! 2015-ல் இப்படிப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 வீதமானோருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் அது 96 வீதம். தலை நரைப்பது மாதிரி டிஸ்க்கும் நரைக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. இடுப்பு வலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு, பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு, இந்த இடத்தில்தான் கோளாறு என்று எந்தப் படமும் விரல் வைத்துச் சொல்லாது. தசை, தசைநார், மூட்டு எல்லாம் சேர்ந்து நோகும் வலி அது. அது பொய் வலி இல்லை. அதனால்தான் உலகத்தில் பல நாட்டு வைத்திய வழிகாட்டிகள், அபாய அறிகுறி இல்லாத இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரம் அளவில் படம் எடுக்க வேண்டாம் என்கின்றன. அனேகமான வலி அதற்குள் குறைந்துவிடும். அவசரப்பட்டு எடுத்த படத்தில் தெரியும் பழைய தேய்மானம் ஆளைப் பயமுறுத்தும், தேவையில்லாத ஊசிக்கும் ஒப்பரேஷனுக்கும் இழுத்துக்கொண்டு போகும்.

இப்போது ஆபீஸ் ஜன்னலுக்குத் திரும்பி வாருங்கள். படத்தில் ஒன்றும் இல்லை என்றால், "பார்த்தீங்களா, ஒண்ணும் இல்ல, மலைக்குப் போங்க" என்பார்கள். படத்தில் ஏதாவது இருந்தால், "வயசு" என்பார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் துரைக்கே வெற்றி. 'கொழுந்துக் கூடையால் வந்தது' என்று எழுதிய எம்.ஆர்.ஐ. அறிக்கை இந்த உலகத்தில் எங்கேயும் கிடையாது, ஏனென்றால் அதைச் சொல்லும் சக்தி அந்தப் படத்துக்கு இல்லை. இல்லாத ஒன்றைக் கொண்டுவா என்று நம்மை அனுப்புகிறார்கள். நாமும் காப்பை அடகு வைத்துத் தேடிப் போகிறோம்.

நம் பக்கத்துத் தவறையும் மறைக்க வேண்டாம். சில இடங்களில் நம்முடைய தலைவர்மாரே, "படம் ஒன்னு எடுத்துட்டா துரை வாயடைச்சுப் போவார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். இனிச் சொல்ல வேண்டாம்.

அப்படியானால் யாருக்குப் படம் வேண்டும்? இந்த இடத்தில்தான் நம் நெஞ்சு கொதிக்கிறது. உண்மையிலேயே படம் தேவைப்படுகிறவனுக்கு அது கிடைப்பதில்லை.

இன்னொரு தோட்டம். கான் வெட்டும் வேலை செய்த இளைஞர், இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குத் தகப்பன். ஒரு சனிக்கிழமை கல்லொன்றைப் புரட்டியபோது இடுப்பில் வெட்டியது போல வலி. பின்னேரம் இரண்டு காலும் மரத்தன. இரவு சிறுநீர் கழிக்கப் போனால் வரவில்லை. பின்பக்கமும் தொடைகளின் உள்பக்கமும், சேணத்தில் உட்காரும்போது படுகிற இடமெல்லாம், உணர்ச்சி இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்து, "திங்கட்கிழமை பார்ப்போம்" என்றார்கள். திங்கட்கிழமை கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றி, படம் எடுத்து, ஒப்பரேஷன் செய்தபோது காலம் கடந்துவிட்டது. இன்று அவர் சிறுநீருக்குக் குழாய் போட்டுக்கொண்டு காம்பராவுக்குள் இருக்கிறார். மனைவி தனியாக மலைக்குப் போகிறார்.

டிஸ்க் பெரிதாக விலகி, கீழ் முதுகில் உள்ள நரம்புக் கட்டு முழுவதையும் நசுக்கினால் நடப்பது இதுதான். இதற்கு உடனே எம்.ஆர்.ஐ. எடுத்து, மணிக்கணக்கில் முடிவு செய்து ஒப்பரேஷன் செய்ய வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் தாமதம் ஒரு மனிதனின் மிச்ச வாழ்க்கையைத் தின்றுவிடும். அதனால் இதை எல்லாரும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்தால், மலம் தெரியாமல் போனால், கால்களுக்கு நடுவில் மரத்தால், பாதம் தூக்க முடியாமல் தொங்கினால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1990-க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். வாகனம் லயம்வரை வர முடியாவிட்டால் பெரிய ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர இளைஞர்கள் உதவுங்கள். துரையின் அனுமதி தேவையில்லை.

அவ்வளவு அவசரம் இல்லாவிட்டாலும் தள்ளிப்போடக் கூடாத வலிகளும் இருக்கின்றன. பின்னேரக் காய்ச்சலும், உடம்பு மெலிவதும், இரவில் படுத்தாலும் விடாத முதுகு வலியும் சேர்ந்தால் அது முதுகெலும்பில் பிடித்த காசநோயாக இருக்கலாம். நெருக்கமான லயக் காம்பராக்களில் காசநோய் எப்படிப் பரவும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் அதற்கு மருந்து இலவசம், குணமாகும். முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக முதுகு வலி வந்தாலும், பலமாக விழுந்த பிறகு வந்தாலும், வயதான தாய்மாருக்குச் சின்ன விழுகைக்குப் பின் வந்தாலும் டொக்டரிடம் போயே ஆக வேண்டும். காலுக்கு மின்சாரம் போல இறங்கும் வலி ஆறு வாரம் கடந்தும் விடாவிட்டால் அங்கேயும் எம்.ஆர்.ஐ.க்கு வேலை இருக்கிறது. தோழியர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கருப்பைக் கோளாறும், சிறுநீரகக் கல்லும், சிறுநீர்க் கிருமியும்கூட இடுப்பு வலியாகத்தான் தொடங்கும். ஆயிரக்கணக்கில் கொட்டி முதுகைப் படம் எடுத்தாலும் அது அதில் தெரியாது. வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

மற்ற வலிக்கு என்ன வழி? படுத்தே கிடக்க வேண்டாம், நடமாட வேண்டும், பிசியோதெரபி பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது வைத்தியம். இதைக் கேட்ட ஒரு சின்னதுரை, "டொக்டரே வேலை செய்யச் சொல்றாரே" என்றாராம். ஐயா, டொக்டர் நடக்கச் சொன்னார். ஏற்றத்தில் 18 கிலோவை நெற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒரு காலை மேல் சாலிலும் மறு காலைக் கீழ்ச் சாலிலும் வைத்து, இடுப்பைத் திருகி எட்டிப் பறிக்கச் சொல்லவில்லை.

இனிக் கூடைக்கு வருவோம். இத்தனை நாளும் நம் முதுகையே பரிசோதித்தார்கள். அதன் மேல் ஏற்றப்பட்டதை யார் பரிசோதித்தார்கள்? கொழுந்து லொறியின் ஸ்பிரிங் பட்டை உடைந்தால், "லொறிக்கு வயசாகிட்டுது" என்று சொல்லிவிட்டு யாரும் சும்மா இருப்பதில்லை. எவ்வளவு ஏற்றினாய், எந்த ரோட்டில் ஓட்டினாய் என்று ட்ரைவரைப் பிடித்து உலுக்குகிறார்கள். நமக்கு மட்டும் அந்தக் கேள்வி இல்லை.

ஆனால் பதில் அவர்களிடமே இருக்கிறது, தோழர்களே. உலகத்தில் எத்தனையோ பாரம் தூக்கும் தொழில்கள் உண்டு. மூட்டை தூக்குகிறவர், கல் சுமக்கிறவர் வாழ்நாளில் எவ்வளவு தூக்கினார் என்று எழுதி வைப்பவர் இல்லை. தோட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்! பேர் முழுதா, அரையா, கைக்காசு எவ்வளவு என்று சம்பளத்தை வெட்டுவதற்காகவே, ஒவ்வொரு தொழிலாளியும் ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ கொண்டுவந்தார் என்று நிறுத்து எழுதி வைக்கிறார்கள். முன்னால் சொன்ன தாயையே எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 18 கிலோ, மாதத்துக்கு 20 நாள் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் வருடத்துக்கு 4,320 கிலோ. 22 வருடத்துக்கு 95,040 கிலோ. 95 தொன்! அதுவும் தராசில் விழுந்த கணக்கு மட்டும்தான். மழைநாளில் ஈரத்துக்கென்று கழிக்கிறார்கள், கூடைக்கும் சாக்குக்கும் என்று கழிக்கிறார்கள். அந்த ஈரத்தையும் கூடையையும் சாக்கையும் சுமந்து வந்தது அவருடைய இடுப்புத்தானே? தராசில் கழித்ததை முதுகில் யாரும் கழிக்கவில்லை.

இப்படிக் கணக்குப் பார்ப்பது நம்முடைய கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் நீண்டகாலம் பாரம் தூக்கியும் சுமந்தும் மிகக் குனிந்தும் வேலை செய்ததால் வரும் இடுப்பு டிஸ்க் நோயை 1993-லேயே தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். அங்கே ஒருவர் விண்ணப்பித்தால், அவர் வேலையில் எத்தனை கிலோ, எத்தனை தடவை, எத்தனை வருடம் தூக்கினார் என்று கூட்டிப் பார்க்கிறார்கள். பிரான்சில் 1999 முதல், பாரம் தூக்கும் குறிப்பிட்ட தொழில்களில் ஐந்து வருடம் இருந்தவருக்கு டிஸ்க் விலகிக் காலுக்கு நரம்பு வலி இறங்கினால் அது தொழில் நோய். அங்கேயும் படம் பார்க்கிறார்கள். ஆனால் படத்தில் டிஸ்க் விலகிய இடமும் காலில் வலி இறங்கும் பாதையும் ஒத்துப்போகிறதா என்று டொக்டர் உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும், செய்த வேலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் படத்துக்குப் பேச்சு வருகிறது. நம்முடைய ஆபீஸ் ஜன்னலில் படத்தை மட்டும் கேட்கிறார்கள், மற்ற இரண்டையும் மேசைக்குள் பூட்டி வைக்கிறார்கள்.

இலங்கையில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934-ம் ஆண்டுச் சட்டம். பெரும்பாலும் விபத்தை மனதில் வைத்து எழுதியது. மரம் விழுந்தால், மெஷினில் கை போனால் ஒரு வழி இருக்கிறது. 20 வருடம் கொஞ்சம் கொஞ்சமாக முறிந்த இடுப்புக்கு நட்டஈடு வாங்கிய ஒரு கொழுந்துத் தொழிலாளியை நம்முடைய கமிட்டிகள் இதுவரை கண்டதில்லை. வலி தாங்க முடியாதவர்கள் தாங்களாகவே பேரை வெட்டிக்கொண்டு, ஈ.பி.எஃப். காசை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்புகிறார்கள். கம்பனியின் கணக்கில் அவர்கள் நோயாளிகள் இல்லை, விலகியவர்கள்.

ஆகவே நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது இது. இலகு வேலைக்கு அரசாங்க டொக்டரின் துண்டு போதும். தொழிலாளியின் செலவில் எம்.ஆர்.ஐ. கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். அரசாங்க டொக்டர் தேவை என்று எழுதிய படத்துக்கு, அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் தவணை கொடுத்தால், வெளியில் எடுக்கும் செலவும் போக்குவரத்தும் கம்பனியுடையது, அந்த நாளுக்குப் பேரும் உண்டு. நிறுவையை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கூட்டி, தராசை மலைக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். கூடை பாதி நிறைந்ததும் இறக்கி வைக்க இடம் கொடுங்கள். மடுவம்வரை சுமப்பது எங்கள் வேலை என்று எந்தக் கல்லில் எழுதியிருக்கிறது? இடுப்பு வலி வழக்கு ஒன்று வந்தால் அந்தத் தொழிலாளியின் செக்ரோல் கணக்கு முழுவதையும் மேசையில் வையுங்கள். இந்த நோயைத் தொழில் நோயாக ஏற்க வேண்டும் என்று தொழில் அமைச்சுக்கு நாம் எழுதும் மனுவின் பின்னால் அந்தக் கணக்கைத்தான் கட்டி அனுப்பப் போகிறோம்.

கம்பனி அதைத் தருமா? சுலபத்தில் தராது. பழைய செக்ரோல் எரிந்துபோனது, நனைந்துபோனது, கறையான் தின்றது என்பார்கள். அதனால் நம்முடைய கணக்கை நாமே தொடங்க வேண்டும். இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும், விசேஷமாக மாதர் கமிட்டி, ஒரு கொப்பி போடட்டும். யார், எத்தனை வயதில் பேர் பதிந்தார், எத்தனை வருடம் கூடை, நாளுக்கு எத்தனை கிலோ நிறுத்தது, எத்தனை கழித்தது, வலி எப்போது தொடங்கியது, டிஸ்பென்சரிக்குப் போன திகதி என்ன, என்ன கொடுத்தார்கள். டிஸ்பென்சரியில் பனடோல் வாங்கினாலும், "இடுப்பு வலின்னு புத்தகத்துல எழுதுங்க ஐயா" என்று நின்று எழுதுவித்துவிட்டு வாருங்கள். சம்பளத் துண்டையும் நிறுவைத் துண்டையும் அடுப்பு பற்றவைக்கப் போடாதீர்கள். பிள்ளைகளிடம் கொடுத்து ஒரு சாப்பாட்டு டப்பாவில் போட்டு வையுங்கள்.

அந்தத் தாயின் கொப்பிதான் முதல் கொப்பி. 22 வருடத்தில் கடைசி ஏழு வருடத்துச் சம்பளத் துண்டுகள் அவருடைய தகரப் பெட்டிக்குள் இருந்தன. சென்ற ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் ஒவ்வொன்றாக வாசிக்க, நாம் எழுதிக்கொண்டு இருந்தோம். இன்னும் நான்கு வருடத்துத் துண்டுகள் மிச்சம் இருக்கின்றன. வருகிற ஞாயிறு அதையும் முடித்துக்கொண்டு, திங்கட்கிழமை அதே ஜன்னலுக்குப் போகிறோம்.